துப்பாக்கிச் சாவா, வேலையிடச் சாவா: அமெரிக்கா எதை முதலில் கவனிக்க வேண்டும்?

2013 ஏப்ரல் 17, புதன்கிழமை. கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை விசாரிக்கும் ஏற்பாட்டை விரிவாக்கும் திருத்தம் அன்று அமெரிக்க செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அந்த அவையின் வழக்கப்படி 60 வேண்டும் என்பதால் தோற்றுப்போனது.

அதே நாள் இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு, டெக்சாஸில் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்க ஓடிப்போன தன்னார்வலர்கள். டன் கணக்கில் அமோனியம் நைட்ரேட் அங்கே மரத்தொட்டிகளில் கொட்டி வைக்கப்பட்டிருந்தது. தீயை யாரோ வைத்தார்கள் என்று வெடிபொருள் குற்றங்களை விசாரிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் 2016இல் சொன்னதும், அதை ஒப்பாதவர்கள் இருப்பதும் தனிக் கதை. தீ எப்படிப் பிடித்திருந்தாலும், அந்த உரம் அங்கே அப்படிக் கிடந்ததால்தான் ஊர் நொறுங்கியது. தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா அந்தக் கிடங்கைக் கடைசியாகச் சோதித்தது 1985இல். அப்போது போட்ட அபராதம் 30 டாலர்.

இரண்டு நாள் முன்புதான் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்திருந்தது. தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கேதான் நின்றன. வெஸ்டுக்கும் செனட்டுக்கும் மிச்ச நேரம்தான் கிடைத்தது.

இந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியைப் பார்க்கலாம். 'துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, வேலைக்குப் போய் பிணமாகத் திரும்புகிறவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?' தொழிற்சங்கத்துக்காரர் இதைக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டம் எதுவும் வந்துவிடக் கூடாது என்பவரும் இதையே கேட்பதுண்டு. அப்போது அது பேச்சை மாற்றும் தந்திரம். கேட்பவர் யாராக இருந்தாலும், கேள்விக்குப் பதில் வேண்டும். அங்கே குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் நம்மவர்களுக்கும், வேட்பாளர் வீடு தேடி வந்து நிற்கும்போது இது உதவும்.

முதலில் எண்கள். 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதே ஆண்டு வேலையிடத்தில் காயம்பட்டு இறந்தவர்கள் 5,283 பேர். கிட்டத்தட்ட ஒன்பதுக்கு ஒன்று. இதோடு விவாதம் முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். முடியவில்லை, ஏனென்றால் இரண்டு எண்ணும் ஒரே மாதிரி எண்ணப்பட்டவை அல்ல.

துப்பாக்கிக் கணக்கைப் பிரித்தால் 27,300 பேர் தற்கொலை. 17,927 பேர் கொலை. மிச்சம் விபத்து, போலீஸ் சுட்டது, காரணம் தெரியாதது. அதாவது பாதிக்கு மேல் தற்கொலை. செய்தியில் நாம் பார்க்கும் பள்ளிக்கூடப் படுகொலைகளும் மால் படுகொலைகளும் மொத்தத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். அரசியல்வாதிகள் சண்டை போடுவது அந்த ஒரு பங்கை வைத்து. ஐம்பது பங்கைத் தாண்டிய தற்கொலையைப் பற்றி மேடையில் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

வேலையிடக் கணக்கில் வேறு சிக்கல். 5,283 என்பது விழுந்து, நசுங்கி, வண்டி மோதி, மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் மட்டும். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாலை, வாகன விபத்துகள். கல்தூசி நுரையீரலில் படிந்து இருபது ஆண்டு கழித்துச் சாகிறவர் இதில் வரமாட்டார். நிலக்கரித் தூசியால் மூச்சு முட்டிச் சாகும் சுரங்கத் தொழிலாளியும், கல்நார் புற்றுநோய்க்காரரும் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. அந்தக் கணக்கில் தராசு அப்படியே மறுபக்கம் சாயும்.

அதற்காக ஒரு லட்சத்தை எடுத்து மேசையில் போட்டு, 'பார், துப்பாக்கியைவிட இது பெரிது' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இது மதிப்பீடு, இறப்புச் சான்றிதழை ஒவ்வொன்றாக எண்ணியது அல்ல. மேலும் இன்று நோயால் சாகிறவர் 1980களில் சுவாசித்த தூசிக்குப் பலி. இன்றைக்கு எடுக்கும் நடவடிக்கை அவரைக் காப்பாற்றாது. 2045இல் சாகப்போகிறவரைக் காப்பாற்றும். 2016இல் வந்த சிலிக்கா தூசி விதி ஆண்டுக்கு 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காக்கும் என்று ஓஷாவே கணித்தது. ஆனால் அந்த 600 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்காக ஊர்வலம் போக ஆள் கிடைக்காது.

அடுத்தது, ஆபத்து யார் தலையில் விழுகிறது என்பது. நாடு முழுக்கச் சராசரி போட்டால் வேலையிட மரணம் முழுநேரத் தொழிலாளர் லட்சம் பேருக்கு 3.5. துப்பாக்கி மரணம் மக்கள்தொகையில் லட்சத்துக்கு 14க்கு அருகில். சராசரியை நம்பினால் ஏமாந்துபோவோம். மரம் வெட்டும் தொழிலில் 2023இல் லட்சத்துக்கு 98.9 பேர் இறந்தார்கள். கூரை போடுபவர்களில் 50க்கு மேல். துப்பாக்கிப் பக்கம் பார்த்தால், 15 முதல் 34 வயது வரையிலான கறுப்பின ஆண்கள் மக்கள்தொகையில் 2 விழுக்காடு. 2020இல் துப்பாக்கியால் கொலையானவர்களில் அவர்கள் 38 விழுக்காடு. கணக்குப் போட்டால் லட்சத்துக்கு நூறைத் தாண்டும். ஆக, ஆரிகன் காட்டில் மரம் வெட்டுகிறவனுக்கும் செயின்ட் லூயிஸ் தெருவில் நிற்கும் இளைஞனுக்கும் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவு. முன்னவன் அந்த ஆபத்துக்குக் கூலி வாங்குகிறான்.

அந்தக் கூலியை வைத்து, 'தெரிந்துதானே வேலைக்குப் போனார்கள்' என்று பொருளியல் படித்த சிலர் சொல்வதுண்டு. 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதி ஃப்ரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சரிந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். இறந்த ஆறு பேரும் நள்ளிரவில் பாலத்துச் சாலையில் குழி அடைத்துக்கொண்டிருந்தவர்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருந்து வந்தவர்கள். கப்பலிலிருந்து அபாய அழைப்பு வந்ததும் போலீஸ் இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்திவிட்டது. அதற்கு நேரம் இருந்தது. நடுவில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத்தான் நேரம் போதவில்லை. இப்படிப்பட்ட ஆபத்துக்கு எந்தக் கூலிச் சீட்டில் விலை எழுதியிருக்கிறது?

இங்கிருந்துதான் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி தொடங்குகிறது. எத்தனை பேர் சாகிறார்கள் என்பதோடு, அடுத்து போடும் ஒரு டாலருக்கு, அடுத்து போடும் ஒரு சட்டத்துக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். பெரிய எண்ணுக்குப் பெரிய தீர்வு கைவசம் இருக்கும் என்று உத்தரவாதம் எதுவும் கிடையாது.

எதைப் பிடித்துத் திருப்பினால் உயிர் பிழைக்கும் என்ற கைப்பிடி வேலையிடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன கஜம் மண் சுமார் 1,300 கிலோ, அதாவது ஒரு சிறிய காரின் எடை. அது சரிந்து இடுப்புவரை மூடினாலே ஆளை வெளியே இழுக்க முடியாது. நெஞ்சுவரை மூடினால், தலை வெளியே இருந்தாலும் ஒவ்வொரு மூச்சை விடும்போதும் மண் இறுகும், அடுத்த மூச்சு உள்ளே போகாது. காப்பாற்றும் வழி பழசு, எளிது. ஐந்தடிக்கு மேல் ஆழமானால் பக்கச் சுவரைச் சரிவாக வெட்டு, அல்லது இரும்புப் பலகைப் பெட்டியை இறக்கு. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளிக் கொட்டு. ஏணியை 25 அடிக்குள் வை. எல்லாம் விதியாகவே எழுதியிருக்கிறது. 2022இல் பள்ளம் சரிந்து 39 பேர் இறந்தார்கள். ஓஷா அந்த ஆண்டு நடுவில் பள்ளங்களைக் குறிவைத்துச் சோதனையைக் கூட்டியது. 2023இல் 15 ஆகக் குறைந்தது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அரசியலமைப்பின் எந்தத் திருத்தமும் குறுக்கே வரவில்லை.

சோதனை வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதித்த நிறுவனங்களை, சோதிக்காத அதே மாதிரி நிறுவனங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. சோதித்த இடங்களில் காயங்கள் 9.4 விழுக்காடு குறைந்தன. யாருக்கும் வேலை போனதாகத் தெரியவில்லை, நிறுவனத்தின் விற்பனையும் படுக்கவில்லை. 2020இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கையானது. பெரிய அபராதம் போட்டதும் ஓஷா உள்ளூர் பத்திரிகைக்கு ஒரு செய்திக் குறிப்பு அனுப்பினால், சுற்றுவட்டாரத்து நிறுவனங்கள் எல்லாம் திருந்துகின்றன. அந்த விளைவைச் சோதனையால் மட்டும் எட்ட வேண்டுமானால் 210 சோதனை வேண்டுமாம். நாலு பேர் முன்னால் மானம் போகும் என்ற பயத்துக்கு அவ்வளவு மதிப்பு.

இவ்வளவுக்கும் செலவு? 2024இல் ஓஷாவின் ஆண்டு பட்ஜெட் சுமார் 63 கோடி டாலர். 13 கோடித் தொழிலாளர்கள், 80 லட்சம் வேலையிடங்கள், மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்குமாகச் சேர்த்து சுமார் 1,850 ஆய்வாளர்கள். தலைக்கு ஐந்து டாலர்கூட வராது. இருக்கும் ஆட்களைக் கொண்டு எல்லா இடத்தையும் ஒருமுறை பார்த்து முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். பத்து பேரோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்யும், தொழிலாளர் குடியிருப்பு இல்லாத பண்ணைகளில் இந்தப் பணத்தைச் செலவிடவே கூடாது என்று 1970களிலிருந்து பட்ஜெட்டிலேயே எழுதி வருகிறார்கள். வேண்டுமென்றே விதியை மீறி ஒருவரைச் சாகவிட்ட முதலாளிக்கு ஓஷா சட்டத்தின் கீழ் முதல் முறை உச்சபட்ச சிறை ஆறு மாதம். மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 2010இல் 29 பேர் இறந்தார்களே, அங்கேகூட நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப்புக்கு ஓராண்டுதான் கிடைத்தது. அதுவும் சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்தார் என்பதற்காக; 29 சாவுக்காக அல்ல.

இப்போது துப்பாக்கிப் பக்கம் வருவோம். இங்கே தடை வேறு மாதிரி. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் இருக்கிறது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் அந்த உரிமையை மேலும் வலுப்படுத்தியது. 1996இல் நாடாளுமன்றம் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் துப்பாக்கி ஆராய்ச்சிப் பணத்தில் கைவைத்தது. அதன் பிறகு சுமார் இருபது ஆண்டு அந்தத் துறை வாயே திறக்கவில்லை; 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2005இல் வந்த சட்டம், துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது வழக்குப் போடும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லலாம், உண்மைத் துப்பாக்கியைத் தொட முடியாது. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆனால் கைப்பிடியே இல்லை என்று சொல்வதும் தவறு. துப்பாக்கி வாங்க முன் அனுமதி வேண்டும் என்ற சட்டத்தை மிசூரி 2007இல் நீக்கியது; துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழக் கால் பங்கு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கனெக்டிகட் 1995இல் அதே சட்டத்தைக் கொண்டுவந்தது, அங்கே குறைந்தது. ஒரு மாநிலம் எடுத்தது, ஒரு மாநிலம் கொடுத்தது. இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகிறது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று நீதிமன்றத்தில் காட்டித் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கும் சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கனெக்டிகட்டில் அப்படி எடுத்த ஒவ்வொரு 10 முதல் 20 முறைக்கும் ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டதாக மதிப்பீடு.

தற்கொலையில் எல்லாமே நேரம்தான். மனம் உடையும் அந்தச் சில நிமிடம், சில மணி நேரம் கையருகே துப்பாக்கி இருக்கிறதா என்பதே பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே தள்ளிப்போட்டாலே பெரும்பாலும் காப்பாற்றியதாகிறது. இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இல்லை, இஸ்ரேல் ராணுவத்தில் இருக்கிறது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று 2006இல் விதி வந்தது. வீரர்களின் தற்கொலை 40 விழுக்காடு குறைந்தது. யாருடைய உரிமையும் பறிபோகவில்லை, ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி திரும்பக் கைக்கு வந்தது. ஒரு விதத்தில் அதுவும் வேலையிட விதிதான்: வேலைக்கு வைத்தவர் போட்ட விதி.

இந்த இரண்டு பட்டியலும் பல இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. 2023இல் வேலையிடத்தில் கொலையானவர்கள் 458 பேர், பெரும்பாலும் சுடப்பட்டு. இரவுநேரக் கடைக் கல்லாவில் நிற்கிறவர், டாக்சி ஓட்டுகிறவர், பெட்ரோல் பங்கில் இருப்பவர். இவர்களில் தெற்காசியர் எத்தனை பேர் என்பது அங்கே வாழும் எவருக்கும் தெரியும். 1994இல் இந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கல்லாவில் பணத்தைக் குறைத்து வைப்பது, இரவில் இரண்டு பேரை நிறுத்துவது, டாக்சியில் கேமரா, தடுப்புக் கண்ணாடி என்று அதைக் குறைக்கக் கையாண்ட வழிகளில் துப்பாக்கிச் சட்டம் ஒன்றுகூட இல்லை.

இதைவிடக் கனமான மேற்படிவு கட்டுமானத் தொழிலில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலையிடத்தில் இறக்கிறார்கள். அதே தொழிலில் சுமார் 5,000 பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். முதுகு வலி, அதற்குக் கொடுத்த போதை மாத்திரை, மழைக்காலத்தில் வேலையின்மை, ஊர் ஊராகப் போய் லாட்ஜில் தங்கும் தனிமை என்று காரணங்கள் வேலையிலேயே வேர் விட்டவை. சாவு மட்டும் வீட்டில், பல சமயம் துப்பாக்கியால். அதனால் துப்பாக்கிக் கணக்கில் எழுதப்படுகிறது. இப்போது சில நிறுவனங்கள் தலைக்கவசத்தில் தற்கொலைத் தடுப்புக்கான 988 உதவி எண்ணை ஒட்டித் தருகின்றன, காலையில் சாரம் ஏறுமுன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில் இதையும் பேசுகிறார்கள்.

சரி, எதை முதலில்? முடிவெடுப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். மத்திய பட்ஜெட்டில் பத்து கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கும் இடத்தில் இருப்பவர் என்றால், யோசிக்காமல் ஓஷாவுக்குக் கொடுக்கச் சொல்வேன். விதி தயார், பலன் சோதித்துப் பார்த்தது, நீதிமன்றத்தில் விழுந்துவிடும் பயம் குறைவு. இருக்கும் பட்ஜெட்டில் ஆறில் ஒரு பங்கு ஒரே அடியில் ஏறும். அதே பத்து கோடியைத் துப்பாக்கிச் சாவைக் குறைக்க என்று வாஷிங்டனில் கொடுத்தால் பாதி வழக்கறிஞர்களுக்குப் போகும்.

மாநிலச் சட்டமன்றத்தில் இருப்பவர் என்றால் வரிசை தலைகீழ். அங்கே பணத்தைவிடச் சட்டம்தான் கருவி. முன் அனுமதிச் சட்டம், வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டம், ஆபத்தான நேரத்தில் எடுத்து வைக்கும் சட்டம் மூன்றும் மாநிலம் போடக்கூடியவை. எண்ணிக்கை ஒன்பது மடங்கு என்பது அங்கே தன் வேலையைச் செய்யும். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு 2020 முதல் துப்பாக்கிதான் முதல் காரணம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வேலையிடப் பாதுகாப்பை முதலில் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் இந்தக் கதவு மூடியிருக்கிறது. வேலையிடக் கதவையும் அவர்களே சாத்துகிறார்கள்: வெயிலில் வேலை செய்பவருக்குத் தண்ணீர் குடிக்க இடைவேளை தரச் சொன்ன ஆஸ்டின், டல்லஸ் நகர விதிகளைச் செல்லாததாக்கும் சட்டத்தை டெக்சாஸ் 2023இல் போட்டது, அடுத்த ஆண்டு ஃப்ளோரிடாவும் தன் ஊராட்சிகளுக்கு அப்படி விதி போடவே தடை விதித்தது. அங்கே ஓட்டுப் போடுபவர் வேட்பாளரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் மனப்பாடம் செய்த பதில் வரும். தண்ணீர் இடைவேளையைப் பற்றிக் கேளுங்கள், அதற்கு இன்னும் யாரும் பதில் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.